வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பையன்

செல்வம்,

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. உன்னோடு எஞ்சின் அறையில் வேலை செய்கிற காசிமேட்டுப் பையன் அதைப் பம்பாயிலிருந்து ரயிலில் தூக்கிக்கொண்டு வந்தான். கொடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் தன் வீட்டைப் பார்க்க ஓடினான். கூடவே உன் கடிதம். உன் பிள்ளை பாபுவுக்குச் சட்டையும் பூட்ஸும் வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறாய். போன தடவை வாங்கிவந்த ரயில் வண்டியை அவன் தொடவே இல்லை, இதுவும் பிடிக்காவிட்டால் அவனுக்கு என்னதான் பிடிக்கும் என்று கேட்டு எழுதுங்கள், அடுத்த கப்பல் போகிற இடத்தில் வாங்குகிறேன் என்கிறாய். அடுத்த கப்பல். போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். நீ ஊருக்கு வராமல் பம்பாயிலேயே இன்னொரு கப்பலில் ஏறப்போகிறாய் என்பது அதைப் படித்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. சரோஜா கடிதத்தை மடித்து என் மடியில் வைத்தாள். "நீங்களே பதில் எழுதிடுங்க மாமா" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அது தண்ணீர் வருகிற நேரம் இல்லை.

எழுதுகிறேன். ஆனால் ஒரு சின்னப் பையனுக்கு என்ன வாங்குவது என்று கேட்க, என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் இந்த ராயபுரத்தில் கிடையாது. நான் வாங்கிவந்த எதுவும் உனக்குப் பிடித்ததில்லை. உலகத்தில் பாதித் துறைமுகங்களில் உனக்காகக் கடை ஏறி இறங்கியிருக்கிறேன். கப்பலில் கிராணி வேலை எனக்கு. ஏறுகிற சரக்கையும் இறங்குகிற சரக்கையும் எழுதுகிறவன். சென்னையில் ஏறினால் ஒரு வருஷம், சில சமயம் ஒன்றரை வருஷம் கழித்துத்தான் சென்னை. அந்த வருஷம் முழுவதையும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டுவந்து, ஒரே நாளில் உன்னிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

நம் தெருவின் வழக்கம் உனக்குத் தெரியும். கப்பலுக்குப் போனவன் திரும்பினால் பெட்டி பிரிப்பதைப் பார்க்க எல்லோரும் வருவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தால், எதையோ மறைக்கிறான் என்று பேச்சு கிளம்பும். அதனால் வாசலில் பாய் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, உயர்த்திக் காட்டி, உரியவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அங்கேயே போட்டுக் காட்ட வேண்டும். தெரு ஒப்புக்கொண்டால்தான் அது பரிசு. உனக்கு நான்கு வயது நடக்கும்போது லிவர்பூலிலிருந்து ஒரு கம்பளிக் கோட்டு கொண்டுவந்தேன். பித்தளைப் பொத்தான்கள். அங்கே பனியில் நின்றுகொண்டு வாங்கும்போது, அது சென்னைக்கு வேண்டிய சாமானா என்று தோன்றவில்லை. கோட்டை உயர்த்தினேன். தெரு 'ஆ' என்றது. நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய்.

"வேணாம்."

எதிர் வீட்டு அஞ்சலை மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து நின்றிருந்தாள். "இன்னாடா, கிராணி மவனே! உங்க நைனா கடல் தாண்டி வாங்கியாந்துகீறாரு, வேணான்றே?"

"குத்துது."

"போட்டே பாக்கல, அதுக்குள்ள குத்துதாம்! என் புள்ள கோணிய சுத்திகினு திரியுது, அத்த குத்தல. தொரைக்கு மட்டும் குத்துதாம்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் அம்மா உன் கைகளைப் பிடித்துக் கோட்டுக்குள் நுழைத்தாள். சித்திரை வெயிலில், பொத்தான் போட்ட கம்பளிக்குள், வியர்வை ஒழுக, கம்பம் மாதிரி நின்றாய். அழவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அதைக் கழற்றி, என் காலடியில் வைத்துவிட்டுப் போனாய். அன்று உன்னை அடங்காத பிள்ளை என்றேன். உன் அம்மா, "அவனுக்குப் புடிக்கலன்னா புடிக்கல. அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல" என்றாள். அதை நான் காதில் வாங்கவில்லை.

கோட்டுக்கு அடுத்த தடவை சட்டைகள். உன் அம்மா அவற்றைத் தையல்காரர் ஹனீப் பாயிடம் எடுத்துப்போனாள், நானும் போனேன். பாய் அளவு நாடாவை உன் மார்பில் சுற்றிப் பார்த்தார், சட்டையை விரித்துப் பார்த்தார், மறுபடி உன்னைப் பார்த்தார். "கிராணி சார், இது யாரு அளவு?" "இவன் அளவுதான் பாய்." "இல்ல சார். போன வருஷம் இங்க ஒரு புள்ள இருந்துச்சு. இது அந்தப் புள்ளையோடது. அத்த நீங்க கப்பல்லயே விட்டுட்டு வந்துட்டீங்க போல." வேடிக்கையாகத்தான் சொன்னார். கடலில் வேலை செய்கிற எங்கள் எல்லோருக்கும் இருந்த பிசகு அது. கரையில் இருக்கிறவன் தினம் பிள்ளையைப் பார்க்கிறான், பிள்ளை வளர்கிறது. எங்களுக்குப் பிள்ளை, கிளம்புகிற அன்று துறைமுகத்து வாசலில் எவ்வளவு உயரம் நின்றதோ அதே உயரத்தில் நின்றுவிடுகிறது. எங்கள் கப்பலில் சமையல் செய்த பண்டாரி எண்ணூர்க்காரர். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கெல்லாம் மிட்டாய்கூடக் கொடுத்தார். அடுத்த துறைமுகத்தில் இறங்கி அவளுக்குக் கிலுகிலுப்பை மாதிரி ஒன்று வாங்கினார். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பைகளிலும் அப்படி ஏதோ ஒன்று இருந்தது. பாய் சொன்னதைக் கேட்ட பிறகு உன் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். உன் மார்பையும் உயரத்தையும் நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, கடிதத்தோடு அனுப்பினாள். நூல் என்னைத் துரத்திக்கொண்டு துறைமுகம் துறைமுகமாக அலைந்தது. என் கைக்கு வரும்போது நீ அந்த முடிச்சைத் தாண்டியிருப்பாய்.

ஒரே ஒரு தடவை சரியாக வாங்கினேன். துறைமுகத்துக் காவல்காரன் வைத்திருக்கிற மாதிரி டார்ச் லைட் வேண்டும் என்று நீ உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அவள் எழுதினாள். வாங்கிவந்தேன். பாயில் உட்கார்ந்து அதை எடுத்தபோது உன் முகம் மாறியதை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். இரண்டு கையாலும் வாங்கினாய். அழுத்தினாய். பகல் வெளிச்சத்தில் அந்த மஞ்சள் வட்டம் சரியாகத் தெரியவில்லை, உள்ளங்கையால் மூடிப் பார்த்தாய், விரல்கள் சிவப்பாகத் தெரிந்தன. பிறகு என்னைப் பார்த்தாய்.

"எனக்கு இதான் வோணும்னு உனக்கு எப்புடித் தெரியும் நைனா?"

"அம்மா எழுதினாள்டா."

 டார்ச்சை அணைத்தாய். எழுந்துபோய் அதை உன் அம்மாவிடம் நீட்டினாய். "அப்போ இத்த நீதான் குடுத்தே. நைனா குடுக்கல." அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வக்கீலுக்குப் படிக்க வையுங்க சாமி இவன!" தெருவே சிரித்தது. ஆறு வயதுப் பையன் ஒரு விஷயத்தை என்னைவிடத் தெளிவாகப் பார்த்திருந்தான். அவனுக்கு வேண்டியது டார்ச் அல்ல. அவனுக்கு டார்ச் வேண்டும் என்று தெரிந்துவைத்திருக்கிற ஓர் அப்பா.

அப்புறம் உலகச் சண்டை. உனக்கு ஏழு வயது இருக்கும்போது ஏறியவன், கப்பல்கள் என்னைக் கொண்டுபோன இடங்களுக்கெல்லாம் போனேன். எங்கே இருக்கிறோம் என்று வீட்டுக்கு எழுதக் கூடாது. எழுதினாலும் வெட்டி அனுப்புவார்கள். சென்னைத் துறைமுகத்தில் குண்டு விழப்போகிறது என்று ராயபுரம் காலியானதாகக் கேள்விப்பட்டேன். உன் அம்மா உன்னை இழுத்துக்கொண்டு திருவொற்றியூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்கு மேல் போவதற்கு அவளுக்கு ஊர் இல்லை. பிறகு கடிதமும் இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான், கடிதம் இல்லாதது எங்களுக்குப் பழகிவிட்டது. டர்பனில் இந்தியர் கடைத்தெருவில், கடைசியாக வந்த நூலை வைத்து உனக்கு நீலச் சட்டை வாங்கினேன். உன் அம்மாவுக்கு ஒரு கத்திரிப்பூ நிறச் சேலை.

சண்டை முடிந்து நான் இறங்கிய அன்று நம் வீடு பூட்டியிருந்தது. பெட்டியைத் தலைச்சுமைக்காரனிடம் கொடுத்து ஹனீப் பாய் கடைக்குப் போனேன். தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவர் காலை எடுத்துவிட்டார்.

"எப்ப வந்தீங்க சார்?"

"இப்பத்தான். எல்லாரும் திருவொற்றியூரிலேயேவா இருக்கிறார்கள் பாய்? சௌக்கியம்தானே?"

அவர் கடையின் மூலையைக் காட்டினார். "பெட்டிய இங்க வெச்சுட்டுப் போங்க சார். அப்புறமா எடுத்துக்கலாம்."

"பெட்டி இல்லாமல் எப்படிப் போவது? செல்வம் உள்ளே விடமாட்டான்" என்று சிரித்தேன். அவர் கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஜட்காவில் என்னோடு ஏறிக்கொண்டார். ஏன் என்று கேட்கவில்லை. பல வருஷம் கழித்து வருகிறேன், மரியாதைக்கு வருகிறார் என்று நினைத்தேன். டோல்கேட் தாண்டியதும், வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தம்மா இல்ல சார். விஷக்காய்ச்சல். ரெண்டு மழ ஆச்சு. உங்களுக்கு எழுதினாங்க."

மற்றதை நான் எழுதப்போவதில்லை. உன் மாமா வீட்டு வாசலில் உயரமாக ஒரு பையன் நின்றிருந்தான். மாமாவின் மூத்த மகன் என்று நினைத்து அவனைத் தாண்டி உள்ளே போனேன். அதை மட்டும் எழுதுகிறேன்.

மறுநாள் உன் மாமா, என்ன செய்வது என்று தெரியாமல், "பெட்டியத் தொற மச்சான். புள்ளைக்கு எதுனா எடுத்துக் குடு. பாத்துகினே கீறான் பாவம்" என்றார். நீ பெட்டியைப் பார்க்கவே இல்லை. ஆனால் சுற்றிலும் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். துக்க வீட்டிலும் வழக்கம் வழக்கம்தான். நீலச் சட்டையை எடுத்தேன். நீ 'குத்துது' என்று சொல்வாய் என்று காத்திருந்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது. நீ கையை நீட்டி வாங்கினாய், யாரும் சொல்லாமலே போட்டுக்கொண்டாய். கக்கத்தில் தையல் விட்டுப் பிரிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கிழிசல் தெரியாதபடி கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, "நல்லாகீது நைனா" என்றாய். இழுத்து விளையாடுகிற மரக்கப்பல் ஒன்று எடுத்தேன். உனக்குப் பதினோரு வயது. "நல்லாகீது." பெண்கள், எவ்வளவு அடக்கமான பிள்ளை, தாய் இல்லாத பிள்ளை எப்படிப் பழகியிருக்கிறது பார் என்றார்கள். உன் மாமாவும் அத்தையும் உன்னை ஒரு நாளும் கஷ்டப்படுத்தியவர்கள் அல்ல, அவர்களுக்கு நான் கடைசிவரை கடமைப்பட்டவன். ஆனாலும் அது உன் வீடு இல்லை. அடுத்தவர் வீட்டில் வளர்கிற பிள்ளை முதலில் மறக்கிற வார்த்தை எது என்று அன்று எனக்குத் தெரிந்தது.

பெட்டியின் அடியில் சேலை இருந்தது. நான் அதை எடுத்திருக்கக் கூடாது, கை எடுத்துவிட்டது. நீ பார்த்தாய்.

"அம்மா இந்தக் கலரு கட்டாது."

பழைய குரல். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நீ திரும்பி வந்தாய். "கட்டியிருக்காளேடா" என்றேன். "போன தடவை வாங்கிவந்ததும் இதே நிறம்தானே?"

"நீ இருக்கிற வரிக்கும் கட்டும். நீ கப்பலுக்குப் போனதும் மடிச்சு வெச்சிடும். அதுக்குப் புடிக்காது."

சொன்ன பிறகு பயந்துவிட்டாய். அத்தையைப் பார்த்தாய். சேலையின் ஓரத்தை விரலால் தொட்டு, "ஆனா நல்லாகீது நைனா" என்றாய்.

அதற்குப் பிறகு நான் கப்பல் ஏறவில்லை. துறைமுகக் கிடங்கில் வேலை தேடிக்கொண்டேன், உன்னை ராயபுரத்துக்கே கூட்டிவந்தேன். உன்னை மறுபடி முரண்டு பிடிக்க வைக்க நான் செய்தவை உனக்குத் தெரியாது. வேண்டுமென்றே உனக்கு ஆகாத காயை வாங்கிவருவேன். அசிங்கமான பூப்போட்ட சட்டை ஒன்று வாங்கினேன். தினம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். காலேஜில் சேருகிறாயா என்றேன், சரி என்றாய். பாதியில் ஒருவர் கப்பலில் எஞ்சின் வேலைக்குக் கூப்பிட்டார், அவருக்கும் சரி என்றாய். பெண் பார்த்தோம், பிடித்திருக்கிறதா என்றேன், நல்லா இருக்கிறது என்றாய். சரோஜா நல்ல பெண், அது உன் அதிர்ஷ்டம். கல்யாணமான புதிதில் அவள் என்னிடம் வந்து நின்றாள். "மாமா, சாம்பாருக்கு உப்பு போட மறந்துட்டேன். நல்லாகீதுன்னு துன்னுட்டுப் போய்ட்டாரு. எனக்கு பயமாகீது மாமா." அவள் பயந்தது எதற்கென்று எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ளாத மனிதன் வீட்டில் இருக்கிறானா இல்லையா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதனால்தான் பாபுவைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ ரயில் வண்டி கொண்டுவந்தபோது அவன் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது ரயிலு இல்ல. பொக வரல" என்றானே, நீ சிரித்தாய், ஆனால் உன் முகம் விழுந்துவிட்டது. எனக்கு எழுந்து ஆடவேண்டும் போல் இருந்தது. துறைமுகத்துக் கூட்ஸ் வண்டியைத் தினம் பார்க்கிறவன் அவன். தெரிந்ததைச் சொன்னான். நீ கிளம்பிப் போன அன்று, அடுக்களையில் அந்த ரயிலை வைத்துக்கொண்டு சரோஜா அழுததை அவனும் பார்த்தான் என்பதை நான் கவனிக்கவில்லை.

இந்தத் தடவை நீ அனுப்பிய பெட்டியை வாசலில் பிரித்தோம். அஞ்சலைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, இருந்தாலும் வந்தாள். சட்டை அவனுக்குப் போன வருஷ அளவு. பூட்ஸும் அப்படித்தான். அவனே காலைத் திணித்துக்கொண்டான். எழுந்து நடந்தான். தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்த்து, அவன் அம்மா முகத்தைப் பார்த்து, "நல்லாகீது தாத்தா" என்றான். அஞ்சலை, "பரவால்லியே, நம்ம தொரைக்கும் புத்தி வந்துட்ச்சே!" என்று பாராட்டினாள். கூட்டம் போன பிறகு அவனை உட்காரவைத்துப் பூட்ஸைக் கழற்றினேன். விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று மடங்கியிருந்தன. சுண்டுவிரலில் தோல் உரிந்திருந்தது.

"நோவுதாடா?"

"இல்ல."

"தாத்தாகிட்ட சொல்லு."

"சொன்னா அம்மா அழுவும்."

நான்கு வயதில். உனக்குக்கூட இந்த அடக்கம் ஏழு வயதுக்கு மேல்தான் வந்தது.

அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாய். எனக்குத் தெரியும் செல்வம். நன்றாகத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் நீ சரியாக வாங்கி அனுப்புவாய், அவன் ஒரு நிமிஷம் பூரிப்பான், பிறகு உனக்கு எப்படித் தெரியும் என்று யாரையாவது கேட்பான். அதோடு உனக்கும் நிம்மதியாகிவிடும். பிள்ளைக்கு வேண்டியது போய்ச் சேர்ந்துவிட்டது, இன்னொரு கப்பல் போகலாம் என்று தோன்றும். எனக்குத் தோன்றியது. உன் நிம்மதிக்கு நான் உதவி செய்ய முடியாது.

அந்த இன்னொரு கப்பலை யாரோ உன்முன் நீட்டியிருக்கிறார்கள், நீ வழக்கம்போலச் சரி என்றிருக்கிறாய். உனக்கு அது வேண்டுமா என்று உன்னையே கேட்டிருக்க மாட்டாய். கையெழுத்துப் போட்டிருந்தாலும் போய்ச் சொல், வேண்டாம் என்று. முதல் தடவை வாய் வராது. இரண்டாம் தடவை வரும். சம்பளம் குறைந்தால் குறையட்டும், கிடங்கில் ஆள் தேடுகிறார்கள், சொல்லிவைத்திருக்கிறேன். அது உனக்குப் பிடிக்காவிட்டால் அதையும் வேண்டாம் என்று சொல், வேறு பார்ப்போம்.

சரோஜா குழாயடியிலிருந்து வெறுங்குடத்தோடு வந்து, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்றாள். வரச்சொல்லி எழுதுகிறேன் என்றேன். "வருவாரு மாமா. நீங்க சொன்னா வருவாரு. சரின்னுதானே சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் சொன்னதைக் கேட்ட பிறகு, மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப்போடலாமா என்று உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னதற்காக நீ வந்தால், நான் நீட்டுகிற இன்னொரு சின்னச் சட்டைதான் அது.

அதனால் இதை மட்டும் கேட்கிறேன். எனக்கு மார்புச் சளி இந்த மார்கழியில் இறங்கவில்லை, நாளைக் கடத்த விருப்பமில்லை. வருவதாக இருந்தால், என்மேல் உனக்கு இருக்கிற கோபத்தோடு வா. கோட்டில் தொடங்கு. உன் அம்மா போனபோது நான் எங்கே இருந்தேன் என்று கேள். வாசலில் நின்று, தெரு கேட்க, நீ செய்தது எனக்குப் பிடிக்கவில்லை நைனா என்று சத்தம் போட்டுச் சொல். சரோஜா அழுதால் அழட்டும், நான் அழுதாலும் நிறுத்தாதே. பாபுவைப் பக்கத்தில் நிறுத்திக்கொள். பிடிக்கவில்லை என்று சொன்ன பிறகும், மறு வேளைக்கு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதை அவன் பார்க்க வேண்டும்.

உன் நைனா